இழப்பு குறைகிறது என்று எழுதிய பக்கம்

மகனே,

உன் கல்யாண நாள் குறித்த கடிதம் வந்து ஆறு நாட்களாகின்றன. பதில் தாமதமானதற்கு நீ வேறு காரணம் நினைத்திருப்பாய். பெண்ணைப் பற்றியோ அவள் வீட்டாரைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. மதுரைப் பெண், படித்த பெண், உனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் நான் கேட்க என்ன இருக்கிறது? கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் என்னை எழுதவிடாமல் செய்தன. அத்தை கல்யாணத்துக்கு வரக்கூடாது, வந்து நின்றால் நீ மணையில் உட்கார மாட்டாய் என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிகளுக்குப் பதில் எழுத வேண்டுமானால், நான்கு வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை எழுதியாக வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்த தாள்களை அடுப்பில் போட்டபோது அத்தை பார்த்துவிட்டாள். "தாள் தாளா எழுதுத, தாள் தாளா எரிக்க. கல்யாண மாப்பிள்ள பொண்ணைப் பாப்பானா, ஒன் லெட்டரப் படிப்பானாலே?" என்றாள். அறுபது வயதிலும் எனக்கு அவள் அக்காதான். ஏலே என்றுதான் கூப்பிடுவாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து வந்தால் பாதி வழியில் எனக்குத் தைரியம் போய்விடும். உன் அம்மா வாந்திபேதியில் கிடந்த அன்று, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொன்னது அத்தை இல்லை. நான். அத்தை கொடுக்க வந்தாள், நான் தடுத்தேன். நான்கு வருஷமாக நீ யாரை வெறுக்கிறாயோ, அவள்தான் அன்று அந்த வீட்டில் உன் அம்மாவுக்காகப் பேசிய ஒரே ஆள்.

படித்த மனுஷன் அப்படிச் செய்வேனா என்று நீ கேட்பாய். படிப்பை வைத்துத்தான் செய்தேன். அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் நம் வீட்டுக் கொல்லையில் இருந்த காசித்தும்பைத் தொட்டிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ அப்போது பாளையங்கோட்டையில் காலேஜ் கடைசி வருஷம். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்துத் தராசை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். கேட்பதற்கே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது. இத்தனை காலம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிவந்த ஒன்றை ஒரு தடவையாவது என் கையால் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செடி உறிஞ்சுகிற தண்ணீரில் மிகப் பெரும் பங்கை அது தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. இலைகள் வழியாக ஆவியாக விட்டுவிடுகிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. வகுப்பில் அவற்றை வாய் என்றே நான் சொல்வேன். அந்த வாய்கள் வழியாகத் தண்ணீர் போகப் போக, மேலே ஏற்பட்ட குறை கீழே இருக்கிற தண்ணீரை வேரிலிருந்து தண்டு வழியாக இழுக்கிறது. அடியிலிருந்து தள்ளுகிற பம்பு எதுவும் இல்லை. இலை இழப்பதால்தான் வேரின் தண்ணீர் உச்சிக் கொழுந்துவரை ஏறுகிறது. வருஷா வருஷம் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பையன்கள் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொட்டி மண்ணை மெழுகுசீலையால் மூடித் தண்டைச் சுற்றி நூலால் கட்டிவிட்டால், மண்ணிலிருந்து ஆவி போக வழியில்லை. பிறகு காலையும் மாலையும் நிறுத்தால், குறைகிற எடை முழுவதும் இலை விட்ட தண்ணீர்தான். அப்படி மூன்று தொட்டிகள் வைத்தேன். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர். ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவதுக்குத் தண்ணீரே கிடையாது. "பள்ளிக்கூடம் போதாதுன்னு வீட்டுலயும் எடைக்கடை தொறந்தாச்சாக்கும்" என்று உன் அம்மா கேலி செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் ஊற்றாத தொட்டி முந்தின மாலையைவிடக் கனமாக இருந்தது. தராசுத் தட்டைத் துடைத்தேன். படிக்கற்களை மாற்றி வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் போட்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "என்ன, செடி காத்தக் குடிச்சே பெருத்துட்டோ?" என்றாள், சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெழுகுசீலை முடிச்சை அவிழ்த்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, நான் கட்டியது போலவே மறுபடி கட்டி வைத்திருக்கிறாள். "தலையத் தொங்கப் போட்டுக் கெடக்கு. கண்ணு முன்னால ஒண்ணு தவிக்கதப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு எறங்கும்?" என்றாள்.

நான் கோபிக்கவில்லை. ஆனால் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். இனி தொட மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். தண்ணீர் இல்லாத செடி முதல் நாள் மற்றவற்றைப் போலவே இழந்தது. இரண்டாம் நாள் அதைவிடக் குறைவு. மூன்றாம் நாள் இன்னும் குறைவு. தண்ணீர் தட்டுப்பட்டதும் இலை தன் வாய்களை மூடிக்கொள்கிறது. சங்கு குளிக்கிறவன் கடலடியில் மூச்சை அடக்கிக்கொள்வது போல, இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. புத்தகத்தில் படித்தது தராசு முள்ளில் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நோட்டில் "இழப்பு குறைகிறது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தாள்.

அந்த வருஷம் ஆடியில் வாந்திபேதி வந்தது. காற்று உப்பளத்துப் புழுதியை வீட்டுக்குள் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. திரேஸ்புரத்துப் பக்கம் சில வீடுகளில் நோய் இருப்பதாகச் சொன்னார்கள். நம் தெருவுக்கு வராது என்று இருந்துவிட்டேன். நீ மதுரையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்து சற்று நேரத்தில் அம்மாவுக்கு ஆரம்பித்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம் என்று அத்தை அப்போதே சொன்னாள். நோய் வந்த வீடு என்று தெரிந்தால் ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று தெருவில் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. "கொஞ்சம் பாப்போம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இந்த நோயில் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று அப்போது பலரும் சொல்வார்கள். அத்தையும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அம்மாவின் உதடு வெடித்ததைப் பார்த்ததும் அவள் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டாள். நான்தான் பிடித்துக்கொண்டேன். ஊர் சொல்கிறது என்பதற்காக இல்லை. ஊர்ப் பேச்சு என்றால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். என்னிடம் அத்தாட்சி இருந்தது. தண்ணீரை நிறுத்தினால் உடம்பும் தன் வாய்களை மூடிக்கொள்ளும், போவது நிற்கும் என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு முன்புதான் நிறுத்துப் பார்த்தவன் அல்லவா நான்?

"ஏலே, தொண்டை ஒட்டிப்போய்க் கெடக்கா. ஒரு மடக்கு குடுத்தா என்ன?" என்றாள் அத்தை.

"குடுத்தா இன்னும் போவும்க்கா. பொறு. தானா அடைச்சிரும்."

"அடைக்கதுக்கு அவ என்ன ஓட்டப் பானையாலே?"

அத்தை செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கொல்லையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். "சொன்னாக் கேக்க மாட்டியா? படிச்சவன் நானா, நீயா?" என்று கத்தினேன். என் குரல் அப்படி ஒலிக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. ஒரு பையனைக்கூட நான் அதட்டியதில்லை. கடையில் அழுகின கத்தரிக்காயைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவன். அத்தை பயந்து சுவரோடு ஒட்டி நின்றாள். என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அந்த ஒரு தடவைதான். அந்தத் துணிச்சலை நான் ஆஸ்பத்திரி வாசலில் காட்டியிருக்கலாம். வண்டிக்காரனிடம் காட்டியிருக்கலாம்.

பிறகு என் வழக்கப்படி நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அவளுக்குப் போன ஒவ்வொரு தடவையும் மணியைக் குறித்தேன். அதே நோட்டு, செடிப் பக்கங்களுக்குப் பின்னால் வெற்றுத் தாள் இருந்தது. காலையில் நிமிஷக் கணக்கில் இருந்த இடைவெளி பிறகு அரை மணியாயிற்று. உச்சிப்பொழுதுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. நான் எழுந்து போய் அத்தையிடம் நோட்டைக் காட்டினேன். "பாத்தியா? கொறையுது" என்றேன். அத்தைக்கு எழுத்து தெரியாது. அவள் அம்மாவின் கையை எடுத்து எனக்குக் காட்டினாள். விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கியிருந்தன. கண்கள் உள்ளே போயிருந்தன. அம்மாவின் குரல் சின்னக் குழந்தையின் குரல்போல் மெலிந்து கேட்டது. "மதினி, ஒரு வாய்" என்றாள். அத்தையிடம்தான் கேட்டாள். பக்கத்திலேயே இருந்த என்னிடம் கேட்கவில்லை. அத்தை கொல்லைக்குப் போய் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அவள் உதட்டில் பிழிந்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் அவளுக்குக் கிடைத்த தண்ணீர் அவ்வளவுதான். பொழுது சாயும் முன்பே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் அந்த நோட்டை மறுபடியும் புரட்டினேன். "இழப்பு குறைகிறது" என்ற வரியும் இரண்டு கோடும் அப்படியே இருந்தன. தாளைத் திருப்பினால், மறுபக்கத்தில் நான் அக்கறையில்லாமல் எழுதிவிட்டுப் போன ஒரு வரி: ஐந்தாம் நாள் தண்ணீர் ஊற்றியும் செடி நிமிரவில்லை. ஒரு நிலைக்கு மேல் வாடிய செடிக்கு வேரில் எவ்வளவு ஊற்றினாலும் இலைக்கு ஏறுவதில்லை; அதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இழக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதைத்தான் இரண்டு தடவையும் குறைகிறது என்று எழுதியிருக்கிறேன். செடிக்கு வாய்களை மூடிக்கொள்ளவாவது தெரியும். அம்மாவின் உடம்புக்கு இந்த நோயில் அந்த வழியும் கிடையாது. செடி வேறு, மனுஷி வேறு என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை. பிற்பாடு ஒரு டாக்டரிடம், யாருக்கோ நடந்தது போல் கேட்டேன். இந்த நோயில் தண்ணீரும் உப்பும் போய்த்தான் ஆட்கள் சாகிறார்கள், கேட்கக் கேட்கக் குடிக்கக் கொடுக்க வேண்டும், சீக்கிரம் வந்தால் நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றுவோம் என்றார். உப்பளங்களுக்கு நடுவிலேயே வீட்டுக்கு நடந்து வந்தேன். வழிநெடுக உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது.

நீ மறுநாள் வண்டியில் வந்தாய். அதற்குள் எடுத்துவிட்டோம். முற்றத்தில் இருந்த பெண்கள் யாரோ, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம் என்று பேசியது உன் காதில் விழுந்தது. "யாரு சொன்னது தண்ணி குடுக்கக் கூடாதுன்னு?" என்று நீ கேட்டாய். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அத்தையைப் பார்த்துக் கேட்டாய். நான் படித்தவன், அவள் படிக்காதவள். உனக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்க முடிந்த மட்டும் மடித்தேன். "நாந்தான்யா சொன்னேன். கிறுக்கச்சி, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள் அத்தை. அதற்கு நீ பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

நீ போன பிறகு, ஏன்க்கா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அம்மையத்தான் பறிகொடுத்துட்டான். அப்பனையும் பறிகொடுக்கணுமாலே அவன்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வருவதில்லை. பீச் ரோட்டில் காப்பி கிளப்பில் நாம் சந்திக்கிறோம். ஒவ்வொரு தடவையும் உனக்கு ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து தருகிறேன். போன தடவை, "இந்தக் கடைக்காரன் கை மாறவே இல்லப்பா, அப்படியே இருக்கு" என்று சொன்னாய். கடையில் வாங்கியது இல்லை. நீ வருகிறாய் என்று தெரிந்தால் முந்தின நாளே பயறு வறுத்துத் திரித்துப் பாகு காய்ச்சுகிறவள் யார் என்று சொல்ல, காப்பி ஆறும்வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

உன் கல்யாணக் கடிதம் வந்த அன்று, "என்ன எழுதிருக்கான், படி" என்று எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு வரிகளை விட்டுவிட்டுப் படித்தேன். அவள் சற்று நேரம் சேலை நுனியை நீவிக்கொண்டிருந்தாள். "என்னைய வரவேண்டாம்னுட்டானாக்கும். படிக்கையில ஒன் குரலு ஒரு எடத்துல தாண்டிப் போச்சுலே. நீ போயிட்டு வா. நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றாள். பிறகு, "பொண்ணு நெறமா இருப்பாளா?" என்று கேட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தகப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதற்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது வீணாகக் கூடாது. உன்னிடம் எவ்வளவு நல்ல அத்தாட்சி இருந்தாலும், எதிரே இருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்த பிறகு அதை நம்பு. என்னைப் போன்ற பயந்தவன் தன் துணிச்சலையெல்லாம் வீட்டுப் பெண்களிடம்தான் காட்டுகிறான். நீ என் மகன், அதனால் இது உன் உடம்பிலும் இருக்கும், கவனமாக இரு. நடுப்பகலில் வாடுகிற இலை வெயில் தாழ்ந்தால் தானே நிமிரும். அதைப் பார்த்துப் பழகிவிட்டவர்கள் எல்லா வாட்டமும் தானே சரியாகும் என்று இருந்துவிடுவார்கள். எது தானே சரியாகும், எதற்கு உடனே தண்ணீர் வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல இத்தனை படித்தும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத போது ஊற்றிவிடு. உன் அம்மா அப்படித்தான் செய்வாள். கணக்குக் கெட்டால் கெட்டுப் போகட்டும்.

அத்தையிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் சங்கிலியைக் கல்யாணத்துக்கு முன்பே உன்னிடம் சேர்க்க வேண்டும், என் கால் வீங்கியிருக்கிறது, மதுரை ஸ்டேஷனுக்கு வருவேன், அங்கிருந்து உன் வீடுவரை நடக்க முடியாது, நீ கொண்டுபோய்க் கொடு என்று சொன்னேன். "வாசல்லயே வெரட்டிருவாம்லே" என்றாள். சங்கிலியையும் இந்தக் கடித உறையையும் கையில் கொடுத்து, அவன் படித்து முடித்ததும் திரும்பிவிடு என்றேன். "கையிலதானே? அப்பச் சரி. மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்றாள். அவளை மறுபடியும் முன்னால் அனுப்பிவிட்டு நான் ஒளிந்துகொள்வதாக நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நேரே வந்து நின்றால் மறுபடியும் துண்டை மடிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. எழுத்தில் இருந்தால் என்னால் அதைத் திரும்ப விழுங்க முடியாது. மாலை வண்டிவரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து கேட்டால் இதையெல்லாம் என் வாயால் சொல்கிறேன். வராவிட்டால் அது நியாயம். கல்யாணத்தில் எனக்கு இடம் கேட்டு இதை எழுதவில்லை. எங்கள் இருவரில் ஒருவர்தான் நிற்கலாம் என்றால் அவள் நிற்கட்டும்.

இதை நீ படித்து முடிக்கிற இந்த நேரத்தில் அவள் உன் வாசலில்தான் இருப்பாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கல்யாணச் சாமான் ஜாபிதா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் முகம் மாறுவதைப் பார்த்தால், திட்டப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அவள் படி இறங்குவதற்குள் கூப்பிட்டுவிடு.

அப்பா